நியாயம், முந்நூறு சொற்களுக்குள்

மாலை ஐந்தோடு விண்ணப்பம் மூடும்.
இப்போது மூன்று இருபத்தைந்து.
கோரிமேட்டில் கரண்ட் இரண்டு முறை போய் வந்துவிட்டது.
ஒவ்வொரு முறையும் நான் பார்ப்பது திரையை அல்ல,
மூலையிலிருக்கும் ஃப்ரீசரின் சிவப்பு எண்ணை.
கழித்தல் எண்பது. கழித்தல் எழுபத்தொன்பது.
அதற்குள் கடலூர் முதுநகர் உறங்குகிறது
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு குப்பிகளில்.

திட்டத்தின் தலைப்பு என்ன என்கிறது படிவம்.
யானைக்கால் என்று மொட்டையாக எழுதக் கூடாதாம்.
வாயில் நுழையாத சொற்களை
மூன்று வரிக்குக் கோத்தேன்.
'பொதுமக்களுக்குப் புரியும் எளிய மொழியில்' என்றது அடுத்த கட்டம்.
அங்கே எழுதினேன்:
யானைக்கால்.

போன வருடம் திரும்பி வந்தது.
பெயரில்லாத மதிப்பீட்டாளர் ஒருவர், ஒரே வரி:
புதுமை போதாது.
உண்மைதான் ஐயா.
புழு பழசு. கொசு அதைவிடப் பழசு.
உப்பனாற்றங்கரையில் தேங்கும் சாக்கடை
என் அப்பாவுக்கு மூத்தது.
அஞ்சலாட்சியின் இடது கால் மட்டும்
ஒவ்வொரு ஐப்பசிக்கும் புதிதாய் வீங்குகிறது.

பகலில் தேடினால் அகப்படாது அந்தப் புழுக்குஞ்சு.
இரவு பத்துக்கு மேல்தான்
ரத்தத்தில் ஏறி விரல்நுனிவரை வரும்.
கொசு எப்போது சாப்பிட வரும் என்று
அதற்குத் தெரியும்.
எனவே நாங்களும் பத்துக்கு மேல் போனோம்,
நானும் சவரிராயனும்,
ஊசி, கண்ணாடித் தகடு, ஒரு டார்ச்.
இரண்டு மணிக்குக் கடலுக்குப் போகிறவனைப்
பத்தரைக்குத் தட்டி எழுப்பினால் என்ன சொல்வானோ
அத்தனையும் சவரிராயன் வாங்கிக்கொண்டான்.
அறிக்கையில்
'சமூக ஒத்துழைப்பில் தொடக்கநிலைத் தயக்கம்'
என்று எழுதினேன்.

நுகர்பொருள், நான்கு லட்சம்.
பயணம், அறுபதாயிரம்;
வாடகைக் கார் எழுதலாம்,
சவரிராயனின் பைக்குக்குப் பெட்ரோல் எழுத வழியில்லை.
ஃப்ரீசர் பராமரிப்பு இந்தத் தலைப்பில் வராது.
எந்தத் தலைப்பில் வரும்
என்று கேட்ட மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் வரவில்லை.
மனிதவளம்: திட்ட உதவியாளர், ஒருவர்.
அந்த ஒருவருக்கு
மார்ச் முப்பத்தொன்றோடு சம்பளம் நின்றது.
ஏப்ரலிலும் வந்தான். மே மாதமும் வந்தான்.
"சத்தம் மாறியிருக்கு மேடம், கம்ப்ரஸரப் பாக்கணும்."
இப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட்.
ராத்திரி பழகிவிட்டதாம்.
படிவத்தில் அவன் பெயருக்கு இடமில்லை,
'பின்னர் நிரப்பப்படும்' என்றிருக்கிறது.

எதிர்பார்க்கும் விளைவுகள்.
ஆய்வுக் கட்டுரை, இரண்டு.
காப்புரிமை, பொருந்தாது.
அஞ்சலாட்சி எதிர்பார்த்தது இந்தப் பட்டியலில் இல்லை.
ஒப்புதல் தாளில் கட்டைவிரல் வைத்துவிட்டு
மையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்:
"எம் பேர நம்பரா மாத்திட்டீங்க, சரி.
அந்த நம்பருக்கு எப்பச் சொகமாவும்?"

இந்த ஆய்வு ஏன் தேவை?
முந்நூறு சொற்களுக்குள் நியாயப்படுத்துக.
இருநூற்று எண்பத்தேழில் நிற்கிறேன்.
மணி நாலு நாற்பது.
மேற்கோள்கள், சதவீதங்கள், தேசிய இலக்கு
எல்லாம் போட்டாயிற்று.
மிச்சமிருந்த பதின்மூன்றில் இதை எழுதினேன்:
புழு இரவில் வரும். நாங்களும் இரவில் போவோம்.
முன்பும் போனோம். திட்டினார்கள்.
திட்டிக்கொண்டே எல்லோரும் விரலை நீட்டினார்கள்.

நாலு ஐம்பத்தாறு. பொத்தானை அழுத்தினேன்.
வட்டம் சுற்றுகிறது,
சுற்றிக்கொண்டே இருக்கிறது.
சவரிராயன் இந்நேரம் எழுந்து முகம் கழுவியிருப்பான்.
எனக்குப் பின்னால்
ஃப்ரீசரின் சத்தம் மாறுகிறது.